மதுரை ஆட்சியும் அடுப்படிக் கணக்கும்

‘உங்க வீட்டுல மதுரை ஆட்சியா, சிதம்பரம் ஆட்சியா?’ என்று யாராவது கேட்டுச் சிரிக்காத கல்யாண வீடு தமிழ்நாட்டில் இருக்காது. மனைவி சொல் எடுபட்டால் மதுரை, கணவன் சொல் எடுபட்டால் சிதம்பரம். ‘மதுரைதான், வேறென்ன!’ என்று அலுத்துக்கொள்வதுபோல் சொல்லிவிட்டு, காபி டம்ளர் கைக்கு வரும்வரை மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்.

மதுரையில் இருந்து எழுதுகிறவர்கள் என்ற முறையில் இந்தக் கேலியைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று நான்கு மாதம் அம்மன் ஆட்சி. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்குப் பட்டம் கட்டிவிடுவார்கள். மீதி எட்டு மாதம் அவருடையது. பெண் ஆளும் ஊர் என்று பெயரெடுத்த ஊரிலேயே அவளுக்கு மூன்றில் ஒரு பங்குதான். வீட்டு வேலையில் ஆணின் பங்கைப் பார்த்தால் அந்த மூன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை.

இது நாம் மனதில் போட்ட கணக்கு இல்லை. ஒருவர் ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் எதெதற்குச் செலவிட்டார் என்று அரை மணி அரை மணியாகக் கேட்டு எழுதும் ஆய்வை மத்திய அரசு நடத்துகிறது. 1998–99-ல் ஆறு மாநிலங்களில் சோதனையாக நடந்தபோது தமிழ்நாடும் அதில் ஒன்று. 2019-ல் நாடு முழுவதும் நடத்தினார்கள், 2024-ல் மறுபடியும். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் 2019-ல் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்த ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று மகிழலாம். ஆனால் ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! அவள் சுமையில் குறைந்ததை அவன் வாங்கிக்கொள்ளவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. இன்னொன்று. இந்த 97 நிமிடம் வேலை செய்த ஆண்களின் சராசரி மட்டுமே. 2019 கணக்குப்படி அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு 26 பேர். மீதி 74 பேர் அன்றைக்கு ஒரு டம்ளரைக்கூடக் கழுவி வைக்கவில்லை.

இருவரும் சம்பாதிக்கும் வீட்டிலும், இருவரும் காடு கழனியில் பாடுபடும் வீட்டிலும், வீட்டு வேலை முழுவதையும் மனைவியின் தலையில் கட்டுவது அநியாயம். வளர்ப்பு, பழக்கம், களைப்பு எதுவும் அதற்குச் சமாதானம் ஆகாது. இதுவே நம் தீர்ப்பு. இனி எழுதுவது காரணங்கள்.

‘ஆம்பளைக்குச் சமையல் கைவராது’ என்று மதுரையில் ஒருவர் சொன்னால் அவருக்கு நெஞ்சழுத்தம் அதிகம் என்று பொருள். இரவு பதினொரு மணிக்கு எந்தத் தெருமுனையிலும் போய்ப் பாருங்கள். பரோட்டா மாவைக் காற்றில் விசிறி அடிப்பவர், கரண்டியும் கல்லும் சேர்ந்து தாளம் போடக் கொத்து போடுபவர், முட்டைக் கறியைப் பதம் பார்த்து இறக்குபவர், ஜிகர்தண்டாவில் பாசந்தியை அளந்து ஊற்றுபவர், எல்லாரும் ஆண்கள். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு உப்பு பார்க்காமலே உப்பு போடும் தவசிப்பிள்ளையும் ஆண்தான். திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் விழாவில் இரவோடு இரவாக அண்டா அண்டாவாகப் பிரியாணி வேகிறது; விடியும்போது ஊருக்கே பிரசாதம். 1930-களில் தொடங்கி, ஊர் ஊராகப் பரவிய முனியாண்டி விலாஸ் ஓட்டல்களுக்கு வேர் இந்த ஊர்தான். ஒரு கிராமத்து ஆண்கள் ஒரு மாநிலத்துக்கே கறிச்சோறு போட்டிருக்கிறார்கள். அவர்கள் கைக்கு ரசம் வைக்கத் தெரியாதா?

அதே திருமங்கலம் வட்டாரத்தில் கரும்பாறை முத்தையா கோயில் என்று ஒன்று. அங்கே ஆண்கள் மட்டும் கூடுகிற விருந்து. கிடா வெட்டுவதும், உரித்துக் கூறு போடுவதும், சோறு வடிப்பதும், குழம்பு கொதிக்க வைப்பதும், ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பரிமாறுவதும் ஆண்கள். பெண்களுக்கு அன்று அங்கே வேலையே இல்லை. வரவே கூடாது என்பது வழக்கம். சாப்பிட்ட இலைகளை யாரும் எடுப்பதில்லை. அவை அங்கேயே கிடந்து காய்ந்த பிறகுதான் பெண்கள் அந்தப் பக்கம் போவார்கள். வழிபாட்டு வழக்கத்தைப் பற்றி நாம் எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் ஆண்களே எல்லாம் செய்யும் அந்த ஒரு நாளிலும் எச்சிலையை எடுக்கும் வேலை மட்டும் யார் பேரிலும் இல்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆக, கை வராதது சமையல் இல்லை. கூலி வருகிற, நாலு பேர் பார்த்துப் ‘பிரமாதம்’ சொல்கிற, சாமி பெயரால் நடக்கிற சமையல் ஆணுக்கு நன்றாகவே வரும். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, யாரும் பாராட்டாத ஒரு கத்தரிக்காய்ப் பொரியலும், அதற்குப் பிறகு அடிப்பிடித்த சட்டியும்தான் வருவதில்லை.

மல்லிகைத் தோட்டம் ஒன்றைப் பார்ப்போம். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊரே கொண்டாடியது. அவனியாபுரம், வலையங்குளம், உசிலம்பட்டிப் பக்கம் அந்த மொட்டைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பூ மலர்ந்துவிட்டால் விலை போய்விடும் என்பதால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். கிளம்புமுன் அடுப்பைப் பற்றவைத்துச் சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு, தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு செடிக்குள் குனிகிறார்கள். பனியில் சேலை முழங்கால்வரை நனைந்து காலில் ஒட்டும். நகக்கண் பச்சையாகும். சொந்தத் தோட்டமாக இருந்தால், பறித்த பையை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போவது கணவர். எடை போடுவதும் விலை பேசுவதும் பணம் வாங்குவதும் அவர். போன இடத்தில் ஒரு டீ, இரண்டு வடை, பேப்பர். அதுவும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் வீடு திரும்பும்போது அவள் உட்கார்ந்திருக்கவில்லை. பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். ‘என்ன, இன்னும் குழம்பு கூட்டலையா?’ என்று அவர் கேட்கிறார். அவருடைய பகல் வேலை அநேகமாக முடிந்துவிட்டது. அவளுடையது அப்போதுதான் பாதி.

நகரத்துக்குள் வருவோம். ஆனையூரிலோ வில்லாபுரத்திலோ, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் ஒரு வீடு. காலை ஏழு மணி. அவள் மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள். குக்கர் கத்துகிறது.

“ஏங்க, மூணு விசில் வந்ததும் அமத்துங்கன்னு சொன்னேன்ல?”

“மூணா நாலான்னு சரியாச் சொல்ல வேணாமா?”

“தண்ணி வந்திருக்கே, குடத்தை வச்சீங்களா?”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வச்சிருப்பேன்ல!”

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். நல்ல கணவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் சொல்லும் வாக்கியம் அது. குடிக்காதவர், அடிக்காதவர், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பவர், சொன்னால் எதையும் செய்பவர். ஆனால் சொல்ல வேண்டும்! கார்ப்பரேஷன் தண்ணீர் எந்த நாள் எத்தனை மணிக்கு வரும், சிலிண்டர் எப்போது தீரும், இட்லி மாவு இன்னும் எத்தனை வேளைக்கு ஓடும், மாமியாருக்குச் சுகர் மாத்திரை எத்தனை மீதி, சின்னவனுக்கு எந்தக் கிழமை வெள்ளை யூனிஃபார்ம், நாத்தனார் வீட்டு வளைகாப்புக்கு என்ன எடுப்பது? இவ்வளவையும் ஒருத்தி இரவும் பகலும் தலைக்குள் சுமந்துகொண்டிருக்க, இன்னொருவர் அதே வீட்டில் விருந்தாளியைப்போல் உத்தரவுக்குக் காத்திருக்கிறார். விசாரித்துச் செய்கிற வேலையும் வேலையே. ஆனால் நினைவில் வைத்திருக்கும் வேலை அதைவிடக் கனமானது. அரசின் 289 நிமிடக் கணக்கிலும் இந்தச் சுமை சரியாக விழுந்திருக்காது. பாத்திரம் தேய்த்தபடியே சிலிண்டரை நினைத்துக்கொள்கிறவளுக்கு எந்த அரை மணியில் டிக் போடுவது?

இதனால்தான் புலம்பல் வருகிறது. கட்டில்மேல் ஈரத் துண்டு, டிவி பெட்டிமேல் காபி டம்ளர், எரிந்துகொண்டே இருக்கும் பாத்ரூம் விளக்கு என்று சின்னச் சின்ன விஷயங்களுக்காகப் பெண்கள் தொணதொணக்கிறார்கள் என்பது ஆண்களின் நிரந்தரப் புகார். பட்டிமன்ற மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியே பிழைத்தவர்கள் நம் ஊரில் உண்டு. ஈரத் துண்டு சின்ன விஷயம்தான். அதை எடுத்துக் கொடியில் போட வேண்டியவர் யார் என்பது சின்ன விஷயம் இல்லை. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் இந்த மனுவை யாரும் வாங்கப்போவதில்லை. வாங்க வேண்டிய அதிகாரி ஹாலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐஸ்லாந்து நாட்டில் 1975 அக்டோபர் 24 அன்று பத்தில் ஒன்பது பெண்கள் அலுவலக வேலை, அடுப்பு வேலை, பிள்ளை வேலை எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அப்பாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் போனார்கள். அடுத்த ஆண்டே ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது. நம் பெண்கள் இன்னும் வீட்டுக்குள்தான் புலம்புகிறார்கள். அதையே தாங்க முடியவில்லை என்கிறார்கள் ஆண்கள்.

அரசாங்கங்கள் இந்த விஷயத்தில் ஆண்களைவிடப் பரவாயில்லை. அடுப்படிக்குள் அவை எட்டிப் பார்த்திருக்கின்றன. அதுவும் மூன்று முறை அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15-ல். 2011-ல் ஜெயலலிதா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கினார். 2022-ல் மு.க. ஸ்டாலின் இங்கே நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2023-ல் காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1000 ரூபாய், ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு.

மூன்றிலும் நமக்கு மிகவும் பிடித்தது நெல்பேட்டையில் நடந்ததுதான். விடியற்காலையில் வேலைக்கு ஓடும் தாயின் கையிலிருந்து ஒரு வேளைச் சமையலை முழுதாக எடுத்துக்கொண்ட திட்டம் அது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போனது. ஆனால் ஊர் ஊராக அந்த உப்புமாவைக் கிண்ட யாரைக் கூப்பிட்டார்கள்? மகளிர் சுய உதவிக் குழுக்களை. வீட்டு அடுப்பிலிருந்து விடுவித்துப் பள்ளி அடுப்புக்கு அனுப்பியதில் கூலியாவது உண்டு என்பது ஆறுதல். உரிமைத் தொகைக்கும் ஒரு கணக்கு போடலாம். நாளைக்கு 289 நிமிடம் என்று வைத்து 1000 ரூபாயைப் பங்கிட்டால் மணிக்கு ஏழு ரூபாய் வருகிறது. அது கூலி இல்லை, அங்கீகாரம் என்று அரசு சொல்வதை ஏற்கிறோம். இருந்தாலும் இந்தத் திட்டங்கள் எல்லாமே சுமை அவளுடையதுதான் என்று வைத்துக்கொண்டு அதைக் கொஞ்சம் இலேசாக்குகின்றன. அவள் பக்கத்தில் கையை வீசிக்கொண்டு நடப்பவரைப் பார்த்து ‘நீயும் ஒரு பக்கம் பிடி’ என்று ஒரு முதலமைச்சரும் மேடையில் சொன்னதாக நமக்கு நினைவில்லை. ஓட்டு பாதி அவரிடமும் இருக்கிறது அல்லவா?

நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் எப்போது என்று பாருங்கள். 2009-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், இல்லத்தரசியின் உழைப்புக்கு என்ன மதிப்பு என்று விரிவாக ஆராய்ந்து எழுதியது, விபத்தில் தாய் இறந்த ஒரு நஷ்டஈட்டு வழக்கில். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து ‘உழைக்காதவர்’ பட்டியலில் வைத்ததை 2010-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்ததும், 2021-ல் நேரக் கணக்கெடுப்பை மேற்கோள் காட்டி இல்லத்தரசிக்கு உத்தேச வருமானம் கணக்கிட்டதும் விபத்து வழக்குகளில்தான். உயிரோடு தேய்த்த பாத்திரத்துக்கு விலை கிடையாது. லாரி மோதினால் மாத வருமானம் இவ்வளவு என்று தீர்மானிப்பார்கள். இதற்கு விதிவிலக்கான வழக்கு ஒன்று 2023 ஜூனில் வந்தது. கணவர் வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்ப, மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்த குடும்பம். சொத்து யாருக்கு என்று சண்டை. வீட்டில் அவள் இருபத்துநான்கு மணி நேரமும் உழைத்ததால்தான் அவர் அங்கே நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சொத்தில் அவளுக்கும் பாதி உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு கிடைப்பதற்குள் குடும்பமே உடைந்திருந்தது.

மறுபக்கத்தையும் கேட்போம். கொத்து வேலையிலும் லோடு ஏற்றுவதிலும் பகல் முழுக்க உடம்பை முறித்துக்கொண்டு வருகிற ஆணிடம் வந்ததும் துடைப்பத்தைக் கொடுக்கச் சொல்லவில்லை. அவர் மனைவி சித்தாளாக அதே கட்டடத்தில் கல் சுமந்துவிட்டு வரும்போது மட்டும் அந்தக் களைப்பு எங்கே போகிறது என்றுதான் கேட்கிறோம். ‘அவ என்னை அடுப்படிக்குள்ள விட்டாத்தானே’ என்பார்கள் சிலர். இதில் உண்மை இருக்கிறது. அவர் தேய்த்து வைத்த பாத்திரத்தை அவர் கண்முன்னாலேயே எடுத்து மறுபடி தேய்ப்பதும், அவர் வைத்த சாம்பாரை அக்கம்பக்கத்தில் கதையாகச் சொல்லிச் சிரிப்பதும் பெண்கள் செய்யும் தவறு. புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உயிர் போய்விடாது. அதைவிடப் பெரிய தவறு அம்மாக்களுடையது. மகள் தட்டைக் கழுவ வேண்டும், மகன் தட்டை வைத்துவிட்டு எழுந்து போகலாம் என்று வளர்த்துவிட்டு, பிறகு ‘எம் மகனைப் பாத்திரம் தேய்க்க வச்சுட்டாளே’ என்று மருமகளைத் தூற்றுவது எந்த ஊர் நியாயம்?

வசதியுள்ளவர்கள் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கணவன் மனைவி சண்டையை, வீட்டு வேலைக்கு இன்னொரு பெண்ணை வைத்துத் தீர்த்துக்கொள்வது. தீர்ந்தது அவர்கள் சண்டை மட்டுமே. அந்தப் பெண் நான்கு வீடு முடித்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய் ஐந்தாவது வீட்டு வேலையைச் செய்கிறாள். வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கென்று 2007-ல் தமிழக அரசு நல வாரியம் அமைத்தது. அதில் அவள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று ஒரு நாளாவது கேட்டிருப்பார்களா? வார விடுமுறை கொடுக்காமல், தீபாவளிக்கு ஒரு சேலையோடு கணக்கை முடிப்பவர்களும் இந்தத் தீர்ப்பில் குற்றவாளிகளே, ஆணானாலும் பெண்ணானாலும்.

மதுரைக்கு இதில் ஒரு புராணக் கடனும் இருக்கிறது. வைகை கரை உடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வேண்டும் என்று பாண்டியன் கட்டளையிட, ஆளில்லாத புட்டுக்காரக் கிழவி வந்திக்காகச் சிவனே கூலியாளாக வந்தார் என்கிறது திருவிளையாடல் புராணம். ஆவணியில் புட்டுத்தோப்பில் இன்றும் அதைக் கொண்டாடுகிறோம். வந்தவர் முதலில் உதிர்ந்த புட்டை வாங்கித் தின்றார், விளையாடினார், வேலையைப் பாதியில் விட்டுத் தூங்கினார். நம் ஆண்கள் அதுவரைக்கும் அவரை அச்சு அசலாகப் பின்பற்றுகிறார்கள். கூடையை எடுத்துத் தலையில் வைத்த இடத்தை மட்டும் மறந்துவிட்டார்கள்.

ஸ்பெயின் நாடு 2005-ல் தன் சிவில் சட்டத்தில், வீட்டுப் பொறுப்பையும் பிள்ளை, முதியோர் பராமரிப்பையும் தம்பதியர் இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைத்தது. சட்டம் போட்டு யாரையும் சட்டி கழுவ வைக்க முடியாது என்பது தெரிந்ததே. ஆனால் நாடு எதைச் சரி என்று நினைக்கிறது என்பது அதில் பதிவாகிவிடுகிறது. இங்கே 1967-லேயே சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கிய மாநிலம் இது. தாலியா மாலையா மோதிரமா என்று பேசி முடித்துவிட்டோம். மறுநாள் காலை பால் காய்ச்சுவது யார் என்பதை அந்த மேடைகளிலும் பேசாமல் விட்டுவிட்டோம். பேசத் தொடங்க வேண்டும். மணமக்களுக்கு வாழ்த்துரை வழங்கும் தலைவர்கள், ‘மதுரை ஆட்சியா சிதம்பரம் ஆட்சியா’ ஜோக்கை ஓய்வெடுக்க அனுப்பிவிட்டு, மாப்பிள்ளையிடம் நேராக இதைக் கேட்கலாம்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் வீட்டுக்கு ஆள் வரும்போது ‘வீட்டம்மா என்ன வேலை?’ என்று கேட்டால் ‘சும்மா வீட்டுலதான் இருக்கா’ என்று சொல்லாதீர்கள். அதற்குமுன், இன்றைக்கே, ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். எல்லா வேலையிலும் கொஞ்சம் கை வைப்பதாகச் சொல்ல வேண்டாம். ஏதாவது ஒன்றை, நினைவில் வைப்பது முதல் துடைத்து வைப்பதுவரை, முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் என்றால் தண்ணீர், ராச்சாப்பாட்டுப் பாத்திரம் என்றால் பாத்திரம். எடுத்துக்கொண்டதை அவளிடம் ஒருமுறைகூடக் கேட்காமல் செய்யுங்கள். செய்துவிட்டு வாட்ஸ்அப்பில் போட்டோ போடாதீர்கள்.